அங்க யாரு இருக்கா?

கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ தேவிபட்டினத்திலோ ஒருத்தனுக்கு விசா வந்துவிட்டது என்று தெரிந்தால், வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள். "அங்க யாரு இருக்கா?" மூன்றே வார்த்தை. உள்ளே நாலைந்து கேள்வி இருக்கிறது. இறங்கின அன்னைக்கு ராத்திரி எங்கே படுப்பாய்? முதல் சம்பளம் வரும்வரை யார் சோறு போடுவார்கள்? காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் உண்டா? அப்புறம், நீ அங்கே என்னென்ன செய்கிறாய் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பப் போவது யார்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

வேலைக்காகக் கடல் கடந்தவர்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறோம். தேயிலைத் தோட்டம் வந்திருக்கிறது, ரப்பர்க் காடு வந்திருக்கிறது, போர் வந்திருக்கிறது, பாலைவனம் வந்திருக்கிறது. போனவன் எங்கே படுத்தான், அந்தப் படுக்கைக்கு யாருக்கு என்ன கொடுத்தான் என்று நின்று பார்த்த எழுத்து குறைவு. படுக்கை சின்ன விஷயம் என்று நாம் நினைத்துவிட்டோம் போல. வெளிநாட்டில் முதல் மூன்று மாதம் இருந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வேலை எப்படியும் இருக்கும், கம்பெனி கூட்டி வந்திருக்கிறது. தலை சாய்க்கிற இடம்தான் அந்த மாதங்களின் முழுக்கதை. வாடகை, முன்பணம், யாரோடு படுப்பது, எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, யார் முன்னால் போனில் அழுவது.

இந்தக் கண்ணோடு ப. சிங்காரத்தை மறுபடி படித்தபோது அவருடைய இரண்டு நாவல்களும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். அன்றைய ராமநாதபுரம் மாவட்டம் அது, இப்போது சிவகங்கை. 1938இல், பதினெட்டு வயதில், சுமத்ராவின் மைடான் நகரத்துக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். போர் முடிந்தபின் திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் சேர்ந்தார். 'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதி 1959இல் வெளியானது. 'புயலிலே ஒரு தோணி' 1962இல் எழுதி 1972இல் வந்தது. எழுதியதற்கும் அச்சானதற்கும் நடுவே ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து வருஷம் காத்துக் கிடந்தது. இரண்டாவது நாவலைப் போர் நாவல் என்றும், சாகச நாவல் என்றும், தமிழ்ப் பெருமிதத்தைக் கிழித்த பகடி என்றும் படித்திருக்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் தனக்கென்று ஒரு பாய் விரிக்க முடியாத ஆட்களின் நாவலாகவும் அதைப் படிக்கலாம்.

அதற்கு முன்னால் கிட்டங்கி என்றால் என்னவென்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கி வைக்கும் கட்டடம். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் பர்மாவிலும் வட்டித்தொழில் செய்யப் போன நகரத்தார்கள் தாங்கள் தங்கித் தொழில் நடத்திய நீளமான கடைவீட்டை இந்தப் பெயரால் அழைத்தார்கள். மனிதன் படுக்கும் இடத்துக்குக் கிடங்கின் பெயர்! யாரும் கிண்டலாக வைத்த பெயரில்லை. ஆனாலும் பொருத்தமான பெயர்.

சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பினாங்கின் செட்டித் தெருவிலும் இந்தக் கட்டடங்கள் இருந்தன. ஒரு கூடத்தில் பல 'மார்க்கா'க்கள். ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு சதுரம்: தாழ்வான மேசை, கைப்பெட்டி, பின்னால் அலமாரி, இரும்புப் பெட்டி. பகலில் உட்கார்ந்து கடன் கொடுக்கும் அதே சதுரத்தில் ராத்திரி பாயை விரித்துப் படுப்பார்கள். சமையலுக்குப் பொது ஆள், பொதுச் செலவு. குடும்பத்தைக் கூட்டி வருவது வழக்கமில்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. யார் எங்கே உட்காருவது, யார் எப்போது சாப்பிடுவது என்பதெல்லாம் அந்த வரிசைப்படிதான். கணக்கு மூன்று வருஷம். மூன்று வருஷம் முடிந்தால் ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் இருந்து, அடுத்த கணக்குக்குப் போவது. செட்டித் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் செட்டியார்களும் இல்லை. அவர்கள் போட்டுக்கொடுத்த பாதையில், அதே முறையில் கடை நடத்தியவர்களும், அவர்களிடம் வேலைக்கு இருந்தவர்களும் உண்டு. சிங்காரம் அப்படிப் போன பையன்.

மலிவு என்று பார்த்தால் கிட்டங்கியை அடிக்க ஆளில்லை. வாடகை தனியாகக் கிடையாது. போக்குவரத்துச் செலவு கிடையாது, வேலைக்கும் படுக்கைக்கும் நடுவே தூரமே இல்லையே. சாப்பாடு ஊர்ச் சாப்பாடு. பதினெட்டு வயதுப் பையன் பாஷை தெரியாத ஊரில் இறங்கினால் முதல் நாளிலிருந்தே அவனுக்கு எல்லாம் இருக்கிறது. அவனுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று. யாரும் பார்க்காத ஒரு மணி நேரம்.

'கடலுக்கு அப்பால்' இதைத்தான் கதையாக்குகிறது. அது காதல் தோல்விக் கதை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். செல்லையா பினாங்கில் வானாயீனாவின் கடைப் பையன். முதலாளியின் மகள் மரகதம்மீது அவனுக்கு ஆசை, அவளுக்கும் அவன்மீது. வானாயீனாவுக்கும் அவன்மேல் பிரியம் உண்டு. நடுவே போர் வருகிறது. செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்புகிறான். அதன்பிறகு முதலாளி பெண் கொடுக்க மறுக்கிறார். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு.

இங்கே நாம் பொதுவாக வானாயீனாவைக் கல்நெஞ்சன் என்று திட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். சிங்காரம் அவரை அப்படி எழுதவில்லை. அவர் கெட்டவர் இல்லை, கணக்குத் தப்பாதவர். செல்லையா படுத்த இடம் அவருடையது, உண்ட சோறு அவருடையது, கற்ற தொழில் அவருடையது, மனைவியாகக் கேட்பவளும் அவர் பெண். இதில் எதற்கும் செல்லையா காசு கொடுத்ததில்லை. பிறகு எதைக் கொடுத்தான்? தன் நடத்தையை. கண்ணுக்கு முன்னால், பெட்டிக்குப் பின்னால், சொன்ன பேச்சுக் கேட்டு இருந்தான். வாடகை அதுதான். பட்டாளத்தில் வேறு யாரோ கொடுத்த படுக்கையில் படுத்துத் திரும்பியவுடன் பழைய வாடகை பாக்கி விழுந்துவிடுகிறது. அவன் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்தச் சதுரத்துக்குள் இனி அவன் அடங்கமாட்டான் என்பதை அவனுக்கு முன்னால் முதலாளி கண்டுகொள்கிறார். நாவலின் மிகக் கூர்மையான பார்வை அந்த முதலாளியுடையது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

'புயலிலே ஒரு தோணி' வரும்போது சிங்காரம் இந்தக் கட்டடத்தையே உடைத்துவிடுகிறார். பாண்டியனுக்கு முதலாளியின் மகள் கிடையாது, கணக்கும் நிலைப்பதில்லை. ஜப்பான்காரன் மைடானுக்குள் நுழைந்ததும் மூன்று வருஷக் கணக்கு என்கிற உலகம் கலைந்து போகிறது. பினாங்குக்குத் தொங்கானில் போகிறான், நடுவே புயல். அப்புறம் பட்டாளம், அப்புறம் மறுபடி சுமத்ரா. கடைசியில் டச்சுக்காரர்களை எதிர்த்த கெரில்லாப் போரில் கலந்து, ஊருக்குத் திரும்ப நினைக்கிற நேரத்தில் சுடப்பட்டுச் சாகிறான். நாவலின் அத்தியாயப் பெயர்களில் பல, தெருக்களும் ஊர்களும்தான். ஒரு இடத்திலும் அவன் ஊன்றுவதில்லை.

தமிழின் பழம்பெருமையைப் போட்டுப் புரட்டி எடுக்கிற பேச்சுகள் இந்த நாவலில் பிரசித்தம். அந்தப் பேச்சுகள் எங்கே நடக்கின்றன என்று கவனியுங்கள். குடிமேசையில். காசு கொடுத்து உட்கார்ந்த இடத்தில். கிட்டங்கியில் அடுத்தாள் காதில் விழ இதையெல்லாம் பேச முடியாது. பேசினால் அடுத்த கப்பலில் கடுதாசி ஊருக்குப் போய்விடும். பாண்டியனும் அவன் நண்பர்களும் சுதந்திரமாக யோசிக்கிற இடமெல்லாம் 'நம்மாட்கள்' கொடுக்காத இடம். அதே பாண்டியன் தனியாக இருக்கும்போது மனசு ஓடுவது சின்னமங்கலத்துக்கும் மதுரைத் தெருக்களுக்கும். ஊர் கொடுத்த பாயில் படுக்கப் பிடிக்கவில்லை. ஊரை நினைக்காமல் தூங்கவும் முடியவில்லை. இந்த முரணை எந்த முடிவுக்கும் கொண்டுவராமல் அப்படியே விட்டதுதான் சிங்காரத்தின் பலம் என்று நினைக்கிறேன்.

அவர் வாழ்க்கையில் ஒரு விவரம் இருக்கிறது, இங்கே சொல்லாமல் நகர முடியவில்லை. மதுரைக்குத் திரும்பிய சிங்காரம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாகவே இருந்தார். மனைவியும் குழந்தையும் இந்தோனேசியாவிலேயே இறந்துவிட்டார்கள். இதைத் துறவு என்று சிலாகித்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிலாகிப்பில் ஒட்டுதல் இல்லை. மாதாமாதம் வாடகை கொடுத்தால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்காத ஒரு அறை, கிட்டங்கியில் வளர்ந்த ஒருவருக்கு எப்படிப்பட்ட சொத்தாக இருந்திருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

கிட்டங்கி வரைக்கும் போக முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்குச் சாதி இருந்தது, சிபாரிசு இருந்தது, கையெழுத்தும் கணக்கும் தெரிந்திருந்தது. இது எதுவும் இல்லாதவர்கள் போன வழி எங்கள் கரை வழியாகவே இருந்தது.

ராமேஸ்வரம் சாலை ஒரு காலத்தில் சத்திரங்களின் சாலை. தஞ்சை மராட்டிய மன்னர்களும் சேதுபதிகளும் கட்டிவைத்த சத்திரங்களில் சேதுவுக்குப் போகும் யாத்ரீகன் தங்கலாம், சாப்பிடலாம், காசில்லை. சாதிப் பந்தி தனித்தனி என்பது வேறு விஷயம். வேறு விஷயமா என்ன, அதுவும் இதே விஷயம்தான். புண்ணியத்துக்காக நடந்தவனுக்கு வழிநெடுகத் திண்ணை இருந்தது. அதே திசையில் பிழைப்புக்காக நடந்தவனுக்கு? காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் மன்னாரில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டு வழியில் நடந்தார்கள். காலராவில் செத்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். அந்த வடபாதை 1899இல் மூடப்பட்டது. 1914இல் பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின், இலங்கை அரசு இந்திய மண்ணில், மண்டபத்தில், ஒரு முகாமை நடத்தியது. தோட்டத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் அங்கே சில நாள் தங்கியாக வேண்டும். நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அம்மை குத்துவார்கள், துணிகளை ஆவியில் போட்டெடுப்பார்கள்.

தங்குவதற்குக் காசு கேட்கவில்லை. கழுத்தில் கட்டிய தகரவில்லையில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்தியிருக்கும். வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் அந்த எண்ணின்பேரில் தோட்டக் கணக்குக்குப் போகும். தோட்டம் கங்காணிமேல் எழுதும், கங்காணி ஆள்மேல் எழுதுவான். போய்ச் சேரும்போதே கடன் ரெடி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல். இலவசத் தங்குமிடம் என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரவில்லைதான் ஞாபகம் வருகிறது.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இந்த மக்களைப் பற்றியதுதான். 1930களில் அப்படியொரு கதையை எழுதியது பெரிய காரியம். ஆனால் கதையின் கோபம் முழுக்கத் தோட்டத்தில், மருதியின் உடம்புக்கு நேர்வதில் குவிகிறது. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' ரப்பர்த் தோட்டத்தை நெஞ்சுருகப் பார்க்கிறது. உருகுவதில் ஒரு சிக்கல் உண்டு. அடிப்பவன், அடி வாங்குகிறவன் என்று இரண்டே பேர் இருந்தால்தான் நன்றாக உருக முடியும். சொந்த ஊர்க்காரனாக வந்து, மச்சான் என்று கூப்பிட்டு, படுக்க இடம் கொடுத்து, அதையே கடனாக எழுதிக்கொள்ளும் மூன்றாவது ஆள் வந்தால் கண்ணீர் எங்கே விழுவது என்று தெரியாமல் நின்றுவிடும். அந்த மூன்றாவது ஆளுக்கு முகம் கொடுத்தவர் சிங்காரம். கங்காணிக்கு அப்படியொரு வானாயீனா முகம் கிடைத்திருந்தால் நம் தோட்ட நாவல்கள் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

மண்டபத்தை விட்டுவிட்டுத் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயம், மணல், ஆளில்லாத ரயில் நிலையம். கவிதைக்கு வசதியான இடம். போட்டோவுக்கு அதைவிட வசதி. அதே சாலையில் ஆட்கள் குடியிருக்கிற முகாம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டித்தான் எல்லா வண்டியும் போகிறது.

இனி வளைகுடா. 1970களுக்குப் பின் எங்கள் கரையின் 'அங்க' என்ற சொல்லுக்குத் துபாய் என்று அர்த்தமாகிவிட்டது. கீழக்கரைக்காரர்களுக்கு இது புதிய பழக்கமில்லை. முத்தும் சங்கும் ரத்தினக்கல்லும் வைத்து இலங்கையோடு தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள். அந்த ஊரிலிருந்து கொழும்புக்குப் போய்த் தொழில் பழகிய பி.எஸ். அப்துர் ரகுமான் பின்னாளில் துபாயில் கட்டிய ஈடிஏ நிறுவனம் வழியாகவே ராமநாதபுரத்துப் பையன்கள் ஏராளமானோர் வளைகுடா பார்த்தார்கள். கம்பெனி கேம்ப் கிடைத்தவன் கேம்புக்குப் போனான். விசிட் விசாவில் வேலை தேடிப் போனவன், அல்லது கேம்ப் இல்லாத வேலைக்குப் போனவன், தேராவிலோ நாயிப்பிலோ கராமாவிலோ 'பெட் ஸ்பேஸ்' தேடினான்.

பெட் ஸ்பேஸ் என்பதை மொழிபெயர்க்க வேண்டாம். அது அறை இல்லை, கட்டில்கூட முழுசாக இல்லை. அடுக்குக் கட்டிலில் ஒரு தட்டு. கீழ்த் தட்டா மேல் தட்டா என்பதில் வாடகை வித்தியாசம். ஷிஃப்ட் மாற்றி ஒரே படுக்கையில் இரண்டு பேர் படுப்பதும் உண்டு. கம்பத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் வாடகைக்கு முன்னால் ஊரும் மதமும் மொழியும் இருக்கும். தமிழாட்கள் மட்டும், முஸ்லிம்கள் மட்டும், சைவம் மட்டும். மெஸ் கணக்கு மாதக் கடைசியில் தலைக்கு இத்தனை என்று பிரியும். 2008இல் துபாய் நகராட்சி 'ஒரு வில்லா, ஒரு குடும்பம்' என்று இறங்கியபோது, வில்லாக்களைத் தட்டிகளால் பிரித்துக் குடியிருந்த பேச்சிலர்கள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். அப்போது அவர்களைத் தாங்கியது எது? ஊர் ரூம்தான். கீழே இன்னும் இரண்டு பாய் விரித்தார்கள், அவ்வளவுதான். இதைக் குறைத்துப் பேசுகிறவன் நன்றி கெட்டவன்.

ஆனால் ஊர் ரூமைப் பற்றி இப்போது இணையத்தில் வருகிற நினைவுக் குறிப்புகளைப் படித்தால் எனக்குச் சலிப்பு வருகிறது. வெள்ளிக்கிழமைப் பிரியாணி, கரீம்பாய் பாட்டுக் கேட்டது, மூட்டைப்பூச்சி, 'அந்த லைஃப் வராது மச்சான்'. எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். சம்பளம் தெரிந்த மறுநாள் ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்கு ரேட் ஏறிய கதையை அதில் யாரும் எழுதுவதில்லை. ரூமில் ஒருத்தன் தொழுகைக்கு வராமல் போனது, ஒருத்தன் ஃபிலிப்பினோப் பெண்ணோடு சினிமாவுக்குப் போனது, ஒருத்தனுக்கு வேலை போனதை மறைத்தது — மூன்றும் ஒரே வாரத்தில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். பெட் ஸ்பேஸின் அசல் வாடகை அந்த மாதிரி வசூலாகும். மீரான் மைதீனின் 'அஜ்னபி' இந்த ஆம்பளை உலகத்தின் நக்கலையும் வாயையும் பிடித்த நாவல். அந்நியன் என்று பொருள்படும் அரபுச் சொல்லைத் தலைப்பாக வைத்ததே நல்ல தேர்வு. அங்கே அந்நியனாக இருப்பது அரபிக்கு மட்டும்தானா, ரூமுக்குள்ளேயும் ஒருத்தன் அஜ்னபியாக ஆகிறானா என்று கேட்டுக்கொண்டே அதைப் படிக்கலாம்.

மலையாளத்தில் பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' வேறு கோடியில் நிற்கிறது. நஜீப்புக்கு "அங்க யாரு இருக்கா" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. விமான நிலையத்தில் யார் கூப்பிட்டாலும் ஏறிப் போகிறான், ஏறிய வண்டி பாலைவனத்தில் கொண்டுபோய் விடுகிறது. எல்லோரும் பாலைவனப் பகுதியைப் பேசுகிறார்கள். படமும் அதைத்தான் பெரிதாகக் காட்டியது. நாவலில் எனக்கு முக்கியமாகப் படுவது தப்பி ரியாத் வந்தபிறகு வரும் குஞ்ஞிக்காவின் இடம். ஓடி வந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுக்கிற மனிதர். அங்கே கொஞ்ச காலம் கிடந்து உடம்பு தேறியபிறகுதான் நஜீப் போலீசில் சரணடைகிறான். பெயரைக்கூடக் கேட்காமல் முதலில் குளிக்க வைக்கிற அந்த வகைத் தங்குமிடத்தைப் பற்றித் தமிழில் இன்னும் யாராவது முழுசாக எழுத வேண்டும். ஏனென்றால் அதுவும் உண்டு. கண்காணிப்பு மட்டும்தான் உண்டு என்று நான் சொன்னால் அது பொய்.

வளைகுடாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தால் கிட்டங்கியும் இல்லை, ஊர் ரூமும் அநேகமாக இல்லை. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளை 1970களின் பிற்பகுதியில் நகர மறுசீரமைப்பு எடுத்துக்கொண்டது; அங்கே இப்போது உயரக் கட்டடங்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து கட்டுமான வேலைக்குப் போகும் பையனுக்கு டார்மிட்டரி. 2020 ஏப்ரலில் அந்த விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோதுதான் அப்படியொரு இடம் இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அவற்றில் இருந்தார்கள். அந்த ஆண்டு அந்நாட்டில் பதிவான தொற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விடுதிகளில். அடுத்த ஆண்டு புதிய விடுதிகளுக்கு விதி வந்தது: அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் 45 சதுர அடி. கிட்டங்கியின் சதுரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போகப்போகிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், விமர்சனக் கட்டுரையில் வரக்கூடாத ஒரு வரியைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டுக்கு முன்னால் வரும் அனுமதிக் கடிதத்தில், ஐபிஏ என்பார்கள், அடிப்படைச் சம்பளமும் அலவன்சும் தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் எழுதியிருக்கும். தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஏஜெண்ட் வாயால் 'ரூம் ஃப்ரீ' என்பான். ஒரு நாவலைப் படிக்கிற கவனத்தோடு அந்தக் காகிதத்தைப் படியுங்கள்.

இதுவரை சொன்ன எல்லா இடங்களிலும் ஆண்களே படுத்துக் கிடக்கிறார்கள். இந்த இலக்கியத்தின் பெரிய ஓட்டை அது. கிட்டங்கியில் பெண் கிடையாது, ஊர் ரூமில் கிடையாது. வீட்டு வேலைக்கு வளைகுடா போகிற பெண் தங்குவது முதலாளி வீட்டுக்குள். வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் ஒன்று என்ற வகையில் அவள்தான் கிட்டங்கியின் உண்மையான வாரிசு. ஆனால் பக்கத்துப் பாயில் ஊர்க்காரி கிடையாது, பொதுச் சமையல் கிடையாது, மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் விடுப்பு என்ற உறுதி கிடையாது. அவளைக் காப்பாற்ற இந்திய அரசு வைத்திருக்கும் முக்கியமான வேலி வயது: 30க்குக் கீழே இருந்தால் அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதியில்லை. 31 வயதில் அவள் எந்த அறையில் படுக்கிறாள், உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்பதை அந்த விதி கேட்பதில்லை. நம் கதைகளும் பெரிதாகக் கேட்டதில்லை. நம் வளைகுடாக் கதைகளில் அவளைவிட, ஊரில் காத்திருக்கும் மனைவிக்கே அதிகப் பக்கம்.

மண்டபத்துக்கே திரும்புகிறேன். தோட்டக் கூலிகளுக்காக நடந்த முகாம், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அதே மக்களின் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும் இடமானது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து படகில் வந்தவர்களின் முதல் பதிவிடமானது. நான்கு தலைமுறையாக அந்த இடத்துக்கு 'தற்காலிகம்' என்றுதான் பெயர். 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் நல்ல பெயர். ஆள் கணக்கெடுப்பு தொடர்கிறது. வெளியே போய்த் தங்குவதென்றால் அனுமதி கேட்க வேண்டும். அங்கே பிறந்து ராமநாதபுரத்துக் கல்லூரியில் படித்து முடித்த பையனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. அவன் வீட்டுக்கு யாரும் வந்து "அங்க யாரு இருக்கா?" என்று கேட்கப்போவதில்லை.

தொ. பத்தினாதனின் 'போரின் மறுபக்கம்' அந்த முகாம்களுக்குள்ளிருந்து வந்த எழுத்து. அகதியாக வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர் தன் வாழ்க்கையையே எழுதிய நூல். அதில் மொழி அலங்காரம் கிடையாது; இலக்கியமா, ஆவணமா என்று அது வந்தபோதே சிலர் தராசு தூக்கினார்கள். எனக்கு அந்தத் தராசில் ஆர்வமில்லை. கொடுத்த இடத்தின் அளவு, கொடுத்தவனின் பார்வை, வாங்கியவன் அதற்குத் தர வேண்டியிருந்த பணிவு இவற்றை அது மழுப்பாமல் எழுதுகிறது. சிங்காரத்தின் இரண்டு நாவல்களுக்குப் பக்கத்தில் வைத்து இதைப் படித்துப் பாருங்கள். முதலில் 'கடலுக்கு அப்பால்', பிறகு 'புயலிலே ஒரு தோணி', பிறகு இது. அந்த வரிசையில் படித்தால் வானாயீனா எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்கே தெரியவரும். சில இடங்களில் அவருக்கு அரசாங்க நாற்காலி போட்டிருக்கும்.